கூகிளில் இல்லை என்பது நீக்கக் காரணம் ஆகாது

தமிழ் விக்கிப்பீடியாவின் நிருவாகிகளுக்கும், புதுக் கட்டுரைகளைச் சுற்றுக்காவல் செய்து நீக்கல் வார்ப்புரு (பக்கத்தின் தலையில் இடும் அறிவிப்புப் பெட்டி) இடும் பயனர்களுக்கும் வணக்கம்.

"குறிப்பிடத்தக்கமை இல்லை" (தனிக் கட்டுரைக்குத் தகுதி இல்லை) என்று ஒரு கட்டுரையில் வார்ப்புரு விழும்போது, அதன் உரையாடல் இடமான பேச்சுப் பக்கத்தில் பல நேரம் ஒரே வரிதான் இருக்கிறது: தேடினேன், எதுவும் கிடைக்கவில்லை. எங்கே தேடினார், எந்த எழுத்துக்கூட்டலில் தேடினார், அச்சு இதழ்கள் எதையும் பார்த்தாரா என்பதற்கு அங்கே விடை இல்லை. அந்த வரி போதாது. தேடிய இடங்களை எழுதாமல் எந்த நீக்கல் வார்ப்புருவும் நிற்கக் கூடாது. இதைக் கேட்கத்தான் இம்மடல். விளம்பரக் கட்டுரைகளுக்கு இளக்கம் கேட்கிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். அவற்றில் இப்போதிருப்பதைவிடக் கடுமை வேண்டும் என்பதே எங்கள் கருத்து; அதையும் கீழே சொல்கிறோம்.

முதலில் அளவுகோல். ஒரு பொருள் புகழ்பெற்றதா, நல்லதா, நம் மனத்துக்கு உகந்ததா என்பவற்றை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. அப்பொருளோடு தொடர்பில்லாத நம்பகமான வெளியீடுகள் அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கின்றனவா என்பதே கேள்வி. ஒவ்வொரு சான்றிலும் மூன்றைப் பார்க்க வேண்டும்: வெளியிட்டவர் யார், பணம் கொடுத்தவர் யார், சொற்கள் யாருடையவை. ஒருவர் தம்மைப் பற்றிச் சொன்னதையும், அவருடைய நண்பர்களும் குடும்பத்தாரும் பதிப்பகமும் சொன்னதையும் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை மட்டும் கொண்டு ஐந்தாறு வாக்கியம் எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் கட்டுரை நிற்கும். விழாவில் பங்கேற்றோர் பட்டியலில் ஒரு பெயராக வருவது விரிவான குறிப்பு ஆகாது. ஒரே செய்தி அறிக்கை ஐந்து இணையதளங்களில் ஒரே சொற்களில் வந்திருந்தால் அது ஒரு சான்றுதான். அதுவும் அவர்களே எழுதிக் கொடுத்தது.

இந்த அளவுகோல் ஆங்கில விக்கிப்பீடியாவின் பொது விதியோடு ஒத்துப்போவதுதான். ஆனால் ஒவ்வொரு மொழி விக்கிப்பீடியாவும் தன் விதியைத் தானே வகுத்துக்கொள்ளலாம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் கட்டுரை இருக்கிறது என்பதும், ஆங்கிலத்தில் நீக்கப்பட்டது என்பதும் இங்கே வாதமாக வரக் கூடாது. செருமானியர்கள் வேறு வழியில் போனார்கள்: புனைவு எழுதுவோருக்கு முறையான பதிப்பகத்தில் இரண்டு நூல், அபுனைவுக்கு நான்கு நூல், நிறுவனத்துக்கு 1,000 பணியாளர் அல்லது 10 கோடி யூரோ ஆண்டு விற்பனை என்று எண்களை வைத்திருக்கிறார்கள். கட்டுப்பாடான, பெரிய பதிப்புலகம் உள்ள மொழிக்கு அது பொருந்தலாம். தமிழில் புத்தக எண்ணிக்கை எதையும் சொல்லாது. சொந்தச் செலவில் அச்சிடுவது இங்கே வழக்கம்; நூலக ஆணையை நம்பியே அச்சாகும் நூல்கள் உண்டு. நூறு நூல் எழுதியும் ஒரு மதிப்புரைகூடப் பெறாதவர்கள் இருக்கிறார்கள். சிறுகதையாளர் மௌனி எழுதியதோ இருபத்துநான்கு கதைகள் அளவில்தான். அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதிய பக்கங்கள் அவர் எழுதிய பக்கங்களைவிட அதிகம். எண்ண வேண்டியது அந்த இரண்டாவது வகைப் பக்கங்களை.

இனி, தேடல். எங்களுக்கு மிகுந்த கவலை இதில்தான்.

தமிழ்ப் பெயரை மேற்கோள் குறிக்குள் இட்டு ஒருமுறை தேடுவது தேடலே அல்ல. "சண்முகம்" என்று தேடினால் "சண்முகத்தின்", "சண்முகத்தை", "சண்முகத்துக்கு" என்று வரும் பக்கங்கள் தப்பிவிடும். மகரத்தில் முடியும் எல்லாப் பெயருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. வேற்றுமை ஏற்ற வடிவங்களைத் தனித்தனியே தேட வேண்டும். அடுத்தது ஒற்று: "கந்தசாமிப் புலவர்", "கந்தசாமி புலவர்", "கந்தசாமிப்புலவர்" மூன்றும் தேடுபொறிக்கு மூன்று வெவ்வேறு பெயர்கள். பிறகு கிரந்தமும் இகரமும். வ. ரா. என்று நாம் அறிந்தவர் அச்சில் வ. ராமசாமி, வ. இராமசாமி, வ. ராமஸ்வாமி ஐயங்கார் என்றெல்லாம் வருவார். தலைப்பெழுத்து தமிழிலும் இருக்கலாம், ஆங்கில ஒலிப்பிலும் இருக்கலாம், ஊர்ப்பெயர் ஒட்டியும் இருக்கலாம். புனைபெயர் இருந்தால் அதைத் தனியாகத் தேட வேண்டும். ஈழத்தாரும் புலம்பெயர்ந்தோரும் எழுதும் பிறமொழிப் பெயர்கள் இன்னொரு வகை: தமிழ்நாட்டில் "டொராண்டோ", அங்கே "ரொறன்ரோ". தமிழ்நாட்டுக் கூட்டலில் மட்டும் தேடிவிட்டு ஈழத்துப் பொருள் ஒன்றை நீக்கச் சொல்வது அநீதி.

இதையெல்லாம் செய்தும் கிடைக்காமல் போவதற்கு வலுவான தொழில்நுட்பக் காரணங்கள் உண்டு. ஒருங்குறி (யூனிகோடு) பரவுவதற்கு முன் தமிழ் நாளிதழ்களும் இதழ்களும் தத்தம் எழுத்துருக்களில் இணையத்தில் வெளியிட்டன. பாமினி, திஸ்கி போன்ற குறியாக்கங்களில் இருந்த அந்தப் பக்கங்களும், அவற்றில் ஆக்கிய பிடிஎஃப் கோப்புகளும் தேடுபொறியின் கண்ணுக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல்தான். கட்டுரை அங்கேயே இருக்கும், தேடினால் வராது. அதற்கு முந்தைய அச்சு நூல்கள் வெறும் படங்களாக வருடப்பட்டுள்ளன. படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் எழுத்துணரி மென்பொருளை ஓட்டியிருந்தாலும், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னை, றா, னா வடிவங்களை அது பல நேரம் பிழையாகப் படிக்கிறது; பெயரிலேயே அந்த எழுத்து இருந்தால் தேடல் முடிவு சுழியம். 1930களின் இதழாசிரியர் ஒருவரைப் பற்றி இணையத் தேடலில் எதுவும் இல்லை என்பது அவரைப் பற்றிய செய்தி ஆகாது. நம் எண்ணிமமாக்கம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது.

ஆகவே பொருளுக்கு ஏற்ற இடத்தில் தேட வேண்டும். ஈழத்துப் பொருளென்றால் முதலில் நூலகம் வலைத்தளம். 2005இல் தொடங்கிய அந்தச் சேகரத்தில் மல்லிகை போன்ற சிற்றிதழ்களும், நாளிதழ்களும், பிரதேச மலர்களும் இதழ் இதழாக உள்ளன. அங்கே பெயரைத் தேடினால் மட்டும் போதாது. அந்தத் துறை, அந்தப் பத்தாண்டு சார்ந்த இதழ்களின் பொருளடக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். சிங்கப்பூர், மலாயாப் பொருளுக்குச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நாளிதழ்க் காப்பகம். தமிழ் முரசின் பழைய இதழ்கள் அங்கே கிடைக்கின்றன. தமிழ்நாட்டுப் பொருளுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இணைய ஆவணக் காப்பகம், விக்கிமூலம். நேரில் போக முடிந்தவர்களுக்குச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி நாட்டில் அச்சாகும் நூல்களின் படியைப் பெறும் கன்னிமாரா பொது நூலகமும் இருக்கின்றன.

மறந்துபோகிற இடம் ஒன்று உண்டு: பல்கலைக்கழக ஆய்வேடுகள். தமிழ்த் துறைகளில் எழுதப்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடுகள் பெருமளவில் சோத்கங்கா என்னும் இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஏறியுள்ளன. நாட்டுப்புறக் கலைஞர், கூத்து அண்ணாவியார், வட்டாரப் புலவர், தோல்பாவைக் குழு போன்றவற்றுக்கு நாளிதழைவிட இந்த ஆய்வேடுகளில்தான் விரிவான குறிப்பு கிடைக்கும். முனைவர் பட்ட ஆய்வேட்டை ஏற்கலாம். இளமுனைவர் ஆய்வேட்டை வேறொரு சான்று துணைநின்றால் ஏற்கலாம் என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு குறுக்கு வழியும் இருக்கிறது. சாகித்திய அகாதமியின் இந்திய இலக்கியச் சிற்பிகள் வரிசையில் ஒருவரைப் பற்றித் தனி நூல் வந்திருந்தால் விவாதமே தேவையில்லை. தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியத்தில் தனிப்பதிவு உள்ள பொருளுக்கும் அப்படியே.

தேடியவர் பேச்சுப் பக்கத்தில் எழுத வேண்டியது நான்கு வரிக்கு மேல் வராது. தேடிய எழுத்துக்கூட்டல்கள், பார்த்த சேகரங்கள், கிடைத்தவையும் அவை ஏன் போதவில்லை என்பதும், பார்க்க முடியாமல் போனவை. கடைசி வரிதான் மிக முக்கியம். "இவர் எழுதிய இதழின் 1940களின் படிகளைப் பார்க்க முடியவில்லை" என்று ஒருவர் எழுதிவைத்தால், அவற்றைக் கையில் வைத்திருக்கும் இன்னொருவர் வந்து பார்த்துச் சொல்வார். வார்ப்புருவிலேயே இந்த நான்கையும் கட்டாய அளபுருக்களாக (நிரப்ப வேண்டிய இடங்களாக) வைத்துவிடலாம். நிரப்பாமல் இட்டால் வார்ப்புரு பிழை காட்டட்டும்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் 2018இல் நடந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். கனடாவின் இயற்பியலாளர் டோனா இசுட்ரிக்லேண்டு பற்றிய வரைவு அவ்வாண்டு மே மாதம், சான்றுகள் போதவில்லை என்று திருப்பப்பட்டது. அக்டோபர் 2ஆம் நாள் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. நோபல் வரும் என்று யாரும் கணித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் 2013இலேயே அமெரிக்காவின் ஒளியியல் கழகத் தலைவராக இருந்தவர். பெரிய கல்விசார் கழகத்தின் தலைமைப் பதவி என்பது கல்வியாளர்களுக்கான தனி அளவுகோலில் அப்போதே தகுதியாக எழுதப்பட்டிருந்தது. வரைவில் சான்று குறைவாக இருந்தது உண்மை. பொருளுக்குத் தகுதி குறைவாக இருக்கவில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் நம்மிடமும் அடிக்கடி நிகழ்கிறது. கட்டுரையில் மேற்கோள் இல்லையென்றால் இட வேண்டியது "சான்று தேவை" வார்ப்புரு. மேற்கோளே உலகில் இல்லை என்று தேடி உறுதிசெய்த பிறகுதான் நீக்கல் பேச்சு.

நம் அளவுகோல் சீரற்றிருப்பதற்குப் பெரிய சாட்சி நம் தளத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டின் 12,500க்கு மேற்பட்ட ஊராட்சிகளுக்கும், அறநிலையத் துறைத் தரவிலிருந்து கோயில்களுக்கும் தானியக்கமாகக் கட்டுரைகள் ஏற்றப்பட்டன. ஊராட்சி சட்டப்படி வரையறுத்த நிருவாக அலகு; அதற்கென மக்கள்தொகைத் தரவு உண்டு; அதற்குக் கட்டுரை இருப்பது சரி என்பதே எங்கள் கருத்து. கோயில்கள் விசயம் வேறு. பாடல் பெற்ற தலத்துக்கும், கல்வெட்டு ஆண்டறிக்கையில் இடம்பெற்ற கோயிலுக்கும் எழுத நிறைய இருக்கிறது. துறை அட்டவணையில் ஒரு வரியாக மட்டும் உள்ள தெருக்கோயிலுக்கு அந்த வரிக்கு மேல் எவரும் எதுவும் எழுத முடியாது. ஒரு வட்டத்திலுள்ள அத்தகைய கோயில்களை ஒரே பட்டியல் கட்டுரையில் சேர்த்து, தனிப் பக்கங்களை அந்தப் பட்டியலுக்கு இட்டுச்செல்லும் வழிமாற்றாக்குங்கள். ஒரு வரித் தரவில் நிற்கும் ஆயிரக்கணக்கான பக்கங்களை விட்டுவிட்டு, தம்மைப் பற்றி நான்கு சிற்றிதழ்க் கட்டுரைகள் வந்துள்ள ஒரு கவிஞரை இணையத்தில் இல்லை என்று நீக்கும் தளத்தைப் புதுப் பயனர் எப்படி நம்புவார்?

சேர்ப்பது பற்றி ஒரு நுட்பம். ஒரு கட்டுரையின் உரையை இன்னொன்றில் சேர்த்த பிறகு மூலப் பக்கத்தை நீக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் எழுதியவர்களின் பெயர் பக்க வரலாற்றோடு மறைந்துவிடும். படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்சு) உரிமம் கேட்கும் ஆக்குநர் குறிப்பு அறுந்துபோகும். சேர்க்கும் தொகுப்பின் (திருத்தத்தின்) சுருக்கத்தில் மூலப் பக்கத்தின் இணைப்பைக் கொடுத்து, மூலப் பக்கத்தை வழிமாற்றாக விட்டுவிட வேண்டும். நாளை சான்று கிடைத்தால் அதே பக்கத்தைத் திரும்ப விரிக்கவும் இது வழிவிடும். பள்ளிகளை ஊர்க் கட்டுரையிலும், ஒரே பாட்டால் அறியப்பட்ட பாடகரை அந்தப் படத்தின் கட்டுரையிலும் இப்படித்தான் வைக்க வேண்டும். ஒரே விபத்தாலோ வழக்காலோ செய்தியில் வந்த தனி மனிதருக்குக் கட்டுரை வேண்டாம், நிகழ்வுக்கு எழுதுங்கள். பாதிக்கப்பட்டவர் சிறாராக இருந்தால் நிகழ்வுக் கட்டுரையிலும் பெயர் கூடாது.

எங்கே கடுமை வேண்டும் என்று சொல்லிவிடுகிறோம். நம் சூழலுக்கே உரிய போலிச் சான்றுகள் சில உண்டு. ஆங்கில விதிப்பக்கங்களில் இவை இரா.

மணிவிழா மலர், பவளவிழா மலர், யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் "கல்வெட்டு" எனும் நினைவு நூல், நினைவு மலர் ஆகியவை குடும்பமும் நண்பர்களும் வெளியிடுபவை. பிறந்த ஆண்டு, ஊர், கல்வி போன்ற விவரங்களுக்கு இவற்றை மேற்கோளாக்கலாம். தகுதிக்குக் கணக்கில் கொள்ளக் கூடாது. நூலின் அணிந்துரையும் வாழ்த்துரையும் எவ்வளவு பெரிய அறிஞர் எழுதினாலும் நூலாசிரியர் கேட்டு வாங்கியவை. அதே அறிஞர் இதழில் எழுதிய மதிப்புரை என்றால் ஏற்கலாம். சாதிச் சங்க இதழ் தன் தலைவரைப் பற்றி எழுதுவது தற்சார்புச் சான்று. மன்னர் பரம்பரை உரிமை கோரும் கட்டுரைகளில் இதை இம்மியும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

விருதுகளில் ஏமாறுவது மிக எளிது. சாகித்திய அகாதமி விருது மொழிக்கு ஆண்டுக்கு ஒன்று. அது வலுவான சான்று. கலைமாமணி அப்படியல்ல: 2011 முதல் 2018 வரையான ஆண்டுகளுக்குச் சேர்த்து 2019இல் 201 பேருக்கு அறிவிக்கப்பட்டது. அது துணைச் சான்று. தனியே தகுதி தராது. இலங்கையின் கலாபூஷணமும் ஆண்டுதோறும் பலருக்கு வழங்கப்படுவதே. இவற்றைப் பெற்றவர் என்றால் "இன்னும் தேடிப் பார்" என்று பொருள் கொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலில் இல்லாத அமைப்புகள் தரும் கௌரவ முனைவர் பட்டங்களும், கட்டணம் வாங்கிச் சான்றிதழ் தரும் தனியார் உலக சாதனைப் புத்தகங்களும் எதற்கும் சான்றாகா. உரையிலிருந்தும் எடுத்துவிட வேண்டியவை.

திரைப்படங்களில், படப்பிடிப்பு தொடங்கியதாகப் பொதுச் செய்தி வராத வரையில் தனிக் கட்டுரை வேண்டாம். நடிகரின் நேர்காணல் அவர் சொற்களே என்பதால் தகுதிக்கு உதவாது. அரசியலில், சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர் எவருக்கும் கட்டுரை இருக்கலாம். சென்னை மாகாணச் சட்டசபைக்கும் இலங்கை அரசாங்க சபைக்கும் இது பொருந்தும். வேட்பாளராக நின்றார் என்பதும் வார்டு உறுப்பினர் என்பதும் போதா.

பிறகு, சுழல் மேற்கோள். விக்கிப்பீடியாவிலிருந்து உரையை எடுத்து வெளியிட்ட தளத்தை விக்கிப்பீடியாவிலேயே சான்றாகக் காட்டுவது நாளுக்கு நாள் பெருகுகிறது. இயந்திரம் எழுதித் தள்ளும் வலைப்பூக்களால் இது இன்னும் மோசமாகும். கண்டுபிடிக்கும் வழி எளிது: பக்க வரலாற்றில் அந்த வாக்கியம் முதலில் நுழைந்த தொகுப்பின் நாளைப் பாருங்கள். வெளித்தளப் பக்கத்தின் நாள் அதற்குப் பிந்தியதாக இருந்து, சொற்களும் ஒத்தால், அது நம் நிழல்.

வாய்மொழிச் சான்றுகள் பற்றி, நம் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் எழும் கேள்விக்கும் எங்கள் நிலையைச் சொல்கிறோம். 2011இல் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வாய்மொழிப் பதிவுகளை மேற்கோளாக்கும் ஒரு முயற்சி விக்கிமீடியா ஆதரவுடன் நடந்தது. ஒரு கூத்தின் அடவு, ஒரு நாதசுவரத்தின் செய்முறை போன்ற விவரங்களைக் கலைஞரிடமே பதிவுசெய்து விக்கிமீடியாவின் ஊடகக் கோப்புச் சேமிப்பகமான பொதுவகத்தில் ஏற்றி மேற்கோளாக்குவதை நாங்கள் ஆதரிக்கிறோம். அச்சில் வராத அறிவு அப்படித்தான் உள்ளே வர முடியும். ஆனால் ஒரு தனி மனிதரின் தகுதியை அவருடைய பதிவைக் கொண்டே நிறுவ முடியாது. பதிவுசெய்த பயனரே வெளியீட்டாளர் ஆகிவிடுகிறார்.

நடைமுறைக்கு வருவோம். பதிப்புரிமை மீறல், விசமத் தொகுப்பு, அவதூறு, உள்ளடக்கமே இல்லாத பக்கம், வெளிப்படையான விளம்பரம் ஆகிய ஐந்துக்கும் விரைந்து நீக்கல் போதும். விளம்பரத்துக்கு ஒரு நாள்கூடத் தவணை வேண்டாம். குறிப்பிடத்தக்கமை ஐயம் இந்த வழியில் போகவே கூடாது. அதற்கு உரையாடல் வேண்டும், காலமும் வேண்டும். ஆங்கிலத்தில் ஏழு நாள் வைத்திருக்கிறார்கள். சான்றுகள் இணையத்தில் இருக்கும் மொழிக்கு அது சரி. நமக்கு, 2000க்குப் பிந்திய பொருளுக்கு 14 நாள், அதற்கு முந்தையதற்கு 30 நாள் வையுங்கள். நூலகத்துக்குப் போய்ப் பார்த்து வர அவ்வளவு ஆகும். கட்டுரை தொடங்கிய சில நிமிடங்களுக்குள் வார்ப்புரு இடுவதையும் நிறுத்த வேண்டும். பாதி எழுதி முதல் சேமிப்பைச் செய்த புதுப் பயனரை விரட்ட இதைவிட நல்ல வழி இல்லை. ஒரு நாள் பொறுங்கள். அப்போதும் ஐயம் இருந்தால் பக்கத்தை அவருடைய பயிற்சிப் பக்கமான மணல்தொட்டிக்கு நகர்த்தி, என்ன வகைச் சான்று வேண்டும் என்று அவர் பேச்சுப் பக்கத்தில் சொந்தச் சொற்களில் இரண்டு வரி எழுதுங்கள்.

உரையாடலை முடிக்கும் நிருவாகி வார்ப்புரு இட்டவராக இருக்கக் கூடாது. ஆதரவு, எதிர்ப்பு வாக்குகளை எண்ணி முடிக்கவும் கூடாது. எந்தச் சான்று ஏற்கப்பட்டது, எது ஏன் தள்ளப்பட்டது என்று மூன்று வாக்கியத்தில் எழுதி மூட வேண்டும். நீக்கப்பட்ட தலைப்புகளையும் அந்த மூன்று வாக்கியங்களையும் ஒரே பக்கத்தில், துறைவாரியாகத் திரட்டி வையுங்கள். பழைய இதழ்த் தொகுதி ஒன்று புதிதாக எண்ணிமமாகும்போது, அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு முதலில் அங்கே போய்த் தேட நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். வார்ப்புருவின் புதிய வரைவையும் இந்தத் தவணைகளையும் ஆலமரத்தடியில் முன்மொழிவாக வையுங்கள்.

இப்படிக்கு,
தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அச்சுச் சான்று தேடும் பயனர்கள் சிலர்